லெமன் செட்

எங்கள் வீட்டில் விருந்தாளிக்குக் கண்ணாடி கிளாஸில் எதையும் கொடுக்கிற வழக்கமே கிடையாது. போர் தண்ணீரில் கழுவிய கிளாஸ், காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். எவர்சில்வர் டம்ளரில் அது அவ்வளவாகத் தெரியாது. அதனால் புதுமனை புகுவிழாவுக்கு வந்த லெமன் செட், ஒரு ஜக்கும் ஆறு கிளாஸும், உறைகூடப் பிரிக்காமல் ஷோகேஸில் கிடந்தது.

சேலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா அதை இறக்கினாள். டவுன்காரர்கள் எவர்சில்வரில் ஜூஸ் குடிக்க மாட்டார்களாம். புளி போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள், பழைய வேட்டித் துணியால் துடைத்தாள். ஈரத்தில் பளபளக்கும், காய்ந்தால் மறுபடி வெளுக்கும். ஆறு கிளாஸுக்கு இரண்டு நாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளாஸ் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "பல்லு தெரியாம பேசு. கேட்டா மட்டும் பேசு," என்றாள்.

என் பல் பழுப்பு. பத்து வயது வரை அந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே பல்தான். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால்தான் இந்தப் பழுப்பு என்று பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியூரிலோ எங்களைப் பல் விளக்காத கூட்டம் மாதிரி பார்ப்பார்கள். தருமபுரியில் மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் உதட்டை மூடியே சிரித்தேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஜூஸ் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். போர் தண்ணியா என்று கேட்டார். கேன் தண்ணீர்தான், காலையில்தான் வந்தது என்று அம்மா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அது உண்மை. கிளாஸைக் கழுவியதுதான் போர் தண்ணீரில். அந்த அம்மாள் கிளாஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் அம்மாவின் முகத்துக்கு நேரே.

அந்த கிளாஸை எடுத்து நானே ஒரே மடக்கில் குடித்தேன். வாயை நன்றாகத் திறந்தேன்.

"எங்கூரு தண்ணி குடிச்சி வந்த பல்லுங்க இது. கிளாஸ எதுக்குங்க தூக்கிப் பாக்கறீங்க, இதப் பாருங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் கார் கிளம்பிவிட்டது.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் சமையலறை வாசலில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளும் இதே ஊரில் பிறந்து இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள்தான் போய்விட்டார்களே, இன்னும் யாருக்காக மூடுகிறாய், கையை எடு என்று கத்தினேன்.

எடுக்கவில்லை. "பழகிப்போச்சு கண்ணு," என்றாள், துணிக்குள்ளிருந்தே.