சத்தத்தைக் கூட்டினேன்

ஐந்து வருடங்களுக்கு முன், கஹவத்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில், நடந்தது இது. பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டுவிட்டு, இரண்டாம் தடவைக்காக வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிடப் பயந்துகொண்டிருந்தேன் என்பதே சரி. புத்தகத்தைத் திறந்தவுடனேயே மூடிவிடுவேன்.

டியூஷனில் கூடப் படித்த சிங்களத் தோழி ஒருத்தி, "மேக்க அஹலா பலன்ன" என்று ஒரு பியானோ இசையைப் போனுக்கு அனுப்பினாள். அவள் சொன்னபடியே கேட்டுப் பார்த்தேன். பாட்டு இல்லை, தாளம் இல்லை. ஒரு கட்டையை அழுத்தி, அந்த ஒலி அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்தது. நாலு வீட்டுச் சண்டையும் சுவர் தாண்டி வரும் லயத்தில் அப்படியொரு அமைதியை நான் கண்டதே இல்லை. அன்றிலிருந்து இயர்போனைக் கழற்றவே மனம் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகி, அப்போது எட்டு மாதம். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாமியார் கொழுந்தெடுக்கப் போகும்போது தினமும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்: "பாத்துக்க புள்ள. ஏதாச்சும்னா செவுத்தத் தட்டுவா."

அக்காவோ ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தட்டுவார். மணி என்ன, வெங்காயம் இருக்கா, பிள்ளை உதைக்குது வந்து பாரு. முதலில் ஓடிப்போனேன். போகப்போக எரிச்சல் வந்தது.

அன்று பகல் இரண்டு மணி இருக்கும். லயத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. இயர்போனில் பியானோ. சுவரில் இரண்டு தட்டு. எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. 'சே, அரை மணித்தியாலம் நிம்மதியா இருக்க விடமாட்டாங்களே' என்று சத்தத்தைக் கூட்டினேன். மறுபடியும் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு நின்றுவிட்டது. பார், ஒன்றும் இல்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலை விட்டு வந்த மாமியார் போட்ட கூச்சலில்தான் எழுந்து ஓடினேன். சுவரோரம் அக்கா மயங்கிக் கிடந்தார். தரையெல்லாம் இரத்தம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். அக்கா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

"நீ என்ன செவிடாடி?" என்று மாமியார் ஆஸ்பத்திரியிலேயே என் மேல் பாய்ந்தார். கட்டிலில் கிடந்த அக்காதான் தடுத்தார். "அவள ஏசாதீங்க மாமி. காதுல வயர மாட்டிக்கிட்டிருந்தா எப்படிங்க கேக்கும்? பாவம், படிக்கிற புள்ள."

"ஆமாக்கா, ஒண்ணுமே கேக்கல" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

பரீட்சை பாஸானேன். லயம் முழுக்க டொபி மிட்டாய் கொடுத்துச் சந்தோஷப்பட்டது அந்த அக்காதான். இப்போது நான் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அவருக்கு அதன்பிறகு பிள்ளையே தங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை அவர் வாசல்வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். முகம் தெரியாத உங்களிடம், பெயர் போடாமல் எழுதுவதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இருக்கிறது. இதைத் தைரியம் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.