ஓஸ்வால்டின் பேச்சும் பாட்டும்

5.6.2023, திங்கள்: நூறு சொல்லில் 6 அடைப்பு.
9.10.2023, திங்கள்: 31.
21.1.2024, ஞாயிறு: நான்கு பாமாலைகள், அடைப்பு இல்லை.
22.1.2024, திங்கள்: 34.

ரிச்சர்ட்ஸ் டவுன் ஓஸ்வால்ட் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். குரல் அடைத்த இடங்களை மனைவி பிரபா எண்ணி எழுதிவைத்த கணக்கு இது. ஞாயிற்றுக் கணக்கு மட்டும் தேவாலயத்தில் எடுத்தது.

பீன்யா தொழிற்சாலை ஒன்றில் கீழே நின்று, வாக்கிடாக்கியில் கிரேன் ஓட்டுநருக்கு வழி சொல்வது இருபத்தாறு வருடமாக அவர் வேலை. "நிறுத்து" என்ற சொல் பாதியில் அடைத்துக்கொண்ட அன்றே அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

ஷிஃப்ட் மேற்பார்வையாளர் டிரேவர், பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடுகிறவர். "நேத்து என் காதுகிட்ட கணீர்னு பாடினே. இன்னிக்குத் தொண்டை அடைக்குதா? யாருகிட்டப்பா நாடகம்?" என்றார். ஓஸ்வால்ட் பதில் சொல்ல வாய் திறந்தார், அடைத்துக்கொண்டது. நடிப்பதாகச் சொல்லி நிர்வாகத்தின் கடிதமும் வந்தது. மருத்துவச் சான்று தராவிட்டால் வேலை போகும்.

"நீங்களே வந்து பாருங்கண்ணா" என்று டிரேவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள் பிரபா.

டாக்டர் வீணா மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கினார். திரையில் வெளுத்த இரண்டு குரல் மடிப்புகள். "'கிரேனை நிறுத்து'ன்னு சொல்லுங்க." மடிப்புகள் இறுகிக் கதவடைத்தன.

"ஸ்வல்ப பொறுங்க. இப்ப அதையே பாடுங்க."

ஓஸ்வால்ட் பாமாலை ராகத்தில் "கிரேனை நிறுத்து" என்று இழுத்தார். அதே மடிப்புகள் காற்றில் துணிபோல அலைந்தன.

"தொண்டையில கோளாறு இல்ல. பேச்சுக்கும் பாட்டுக்கும் மூளை வேற வேற வழியில உத்தரவு அனுப்புதுன்னு நினைக்கிறோம். பேச்சு வழியில மட்டும் தப்பு நடக்குது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

டிரேவர் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப பாடியே கிரேன் ஓட்டிடலாம்" என்றார் மெதுவாக. ஓஸ்வால்ட் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பிலும் அடைப்பு இல்லை. பிரபா அதையும் குறித்துக்கொண்டாள்.

12.2.2024 அன்று குரல் தசையில் ஊசி. தசையைத் தளர்த்தும் மருந்து, ஒரு சொட்டுகூட இருக்காது. இரண்டு வாரம் வெறும் காற்றுக் குரல். 4.3.2024 அன்று நூறு சொல்லில் 2. சில மாதங்களில் மருந்தின் வேகம் குறையும். மறுபடி போட வேண்டும். மூளையின் உத்தரவை அத்தனை சிறு துளி வழிமறிக்கிறது என்பதை ஓஸ்வால்டால் இன்னும் நம்ப முடியவில்லை.

டாக்டரின் சான்றோடு, தான் கண்ணால் கண்டதையும் எழுதிக் கொடுத்தார் டிரேவர். கிரேன் பணிக்குத் திரும்பலாம் என்ற கடிதம் வந்தது 18.3.2024, திங்கள்.