லோத்தரின் எஃகு முகம்

"சோலிங்கன்ல பொறந்தவன் மூஞ்சியில பிளேடு பட்டு ஒரு சொட்டு ரத்தம் வராது. எங்களுக்கு உடம்புல ஓடுறதே எஃகு!"

இப்படி முழங்கியவர் லோத்தர். கத்திக்கும் பிளேடுக்கும் பேர்போன அந்த ஜெர்மன் ஊரின் பிளேடு தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பெட்டி ஒட்டிய மாமேதை. தான் மட்டும் தினமும் மின்சார ஷேவரில் மழித்து வந்தார். அதைக் கண்டுபிடித்துச் சிரித்தவன், டுசல்டார்ஃபிலிருந்து வந்த மைத்துனன் எகோன். மானம் காக்க, அவன் எதிரிலேயே ஷேவரைக் குப்பையில் போட்டார் லோத்தர்.

"ஞாயித்துக்கிழமை காப்பிக்கு வா மச்சான். பிளேடுல மழிச்ச மூஞ்சியில ஒரு கீறல் இருந்தா அப்புறம் நான் வாயத் தொறக்கவே மாட்டேன்."

ஞாயிறு காலை பிரஷ்ஷால் சோப்பைக் குழைத்தார். நுரை கண்ணாடிவரை தெறித்தது. பிறகு, ஷேவரை அழுத்திய அதே பக்தியோடு ரேசரையும் அழுத்தினார்.

"அது ரேசர்ப்பா, இஸ்திரிப் பெட்டி இல்ல!" என்றாள் மனைவி ஹன்னலோரா. "அதோட கனமே போதும், சும்மா புடிச்சுக்க."

"எனக்கே பாடமா?"

மாலையில் மேசை நிறைய வாஃபிள், கறுப்பு ரொட்டி, பால்சோறு. எகோன் கன்னங்களை உற்றுப் பார்த்தான்.

"கீறலே இல்லியே அத்தான்! நெசமாவே எஃகுதான்."

லோத்தர் பெருமையாகத் தலை நிமிர்ந்தார். தாடைக்கு அடியில் காயத்தை மறைத்து ஒட்டியிருந்த காகிதத் துணுக்கு பிய்ந்தது. வெள்ளைப் பால்சோற்றில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

நல்லவேளை, எகோன் காப்பி பிடிக்க, குழாய் வைத்த காப்பிக் கூஜாவின் பக்கம் குனிந்திருந்தான். லோத்தர் வாயே திறக்காமல் பால்சோற்றின்மேல் பட்டைத்தூளைத் தாராளமாகத் தூவி, நன்றாகக் கிண்டிவிட்டார்.