ஓர் ஓட்டம், இரண்டு சந்தேகக்காரர்கள்

விழுப்புரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படியில், பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். திண்டிவனத்திலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறவள் நான். களைப்பு என்று நினைத்தேன். ஆஸ்துமா என்றார்கள். பிறகு சென்னையில்தான் பல்மனரி ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது) என்று தெரிந்தது.

"மாற்று நுரையீரல்தாம்மா வழி" என்றார் டாக்டர். வேறு எதையாவது மறைக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

முகம் தெரியாத ஒரு குடும்பம், இறந்துபோன தங்கள் உறவின் நுரையீரலைத் தரச் சம்மதித்ததால் பிழைத்தேன். சந்தேகமும் என்னோடு வீட்டுக்கு வந்தது. இருமினால், இது நிராகரிப்பா (புதிய உறுப்பை உடம்பே அந்நியமாக எண்ணித் தாக்குவது)? "நல்லாத்தான இருக்கே" என்று கணவர் சொன்னால், டாக்டர் இவரிடம் தனியாக என்ன சொன்னார்?

அப்போதுதான், நுரையீரல் மாற்று நோயாளிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் நிதி திரட்ட விழுப்புரத்தில் ஓட்டம் நடக்கிறது, கொடியசைக்க வாருங்கள் என்று அழைத்தார்கள்.

"என் தழும்ப காட்டி பேர் வாங்கப் பாக்குறாங்க" என்றேன்.

"போய்ப் பாரு. புடிக்கலன்னா திரும்பிரலாம்" என்றார் கணவர்.

முகக்கவசத்தோடு போய், சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர் பக்கத்தில் நின்று கொடியசைத்தேன். எல்லாரும் ஓடிப்போனதும், மைதான ஓரத்தில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தவர் கைகாட்டி அழைத்தார். ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயி. மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர் பதிய மறுத்துக்கொண்டிருக்கிறார் என்றார் அவர் மனைவி.

"நெஜமாவே உனக்கு மாத்துனாங்களாம்மா? இல்ல, பேச வெக்க இட்டாந்தாங்களா?"

சிரிப்பு வந்தது. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"மாத்துனாங்கண்ணா. ஆனா ஆயுசுக்கும் மாத்திர. அதால கை நடுங்குது. பயமும் போவல."

"அப்புறம் என்னா லாபம்? எங்க, பேசிக்கினே நட, பாக்கலாம்."

அவர் முன்னால் நடந்தேன். மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பைப் பற்றிக் கேட்டேன். மழையைப் பற்றி, என் மகளின் பிடிவாதத்தைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். எங்காவது மூச்சு இரைக்கிறதா என்று என் தோள்களையே கவனித்தார்.

"போதுமாண்ணா?"

"இன்னும் கொஞ்சம்."

கடைசியில் மனைவியிடம் திரும்பினார். "ஜல்தி எழுந்திரு. அந்த டாக்டரு கெளம்பிரப் போறாரு. கேட்டுக்கினு வரலாம். நம்பிட்டேன்னு சொல்லல."

அடுத்த மாதம் அவர் பெயர் பதிந்துகொண்டதாக அவர் மனைவி போனில் சொன்னார். இன்னும் காத்திருக்கிறார்கள்.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் சந்தேகம் வரும். வரட்டும். எனக்கும் தீரவில்லை. ஆனால் அன்று வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: அந்த மைதானத்தில், எவ்வளவு நேரமோ, என் மூச்சை வேவு பார்க்க மறந்திருந்தேன்.