லென்ஸ் மாறிய பின் சொன்ன அளவு

சாட்சியாக நில்லுங்கள், நீதிபதியாக வேண்டாம். நான் ஒரு பொய்யளவை மேடையில் வெல்லவைத்தேன்... உண்மை சொன்ன நண்பனைச் சிரிப்பொலியில் மூழ்கடித்தேன்!

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் மருத்துவம் பயின்ற இரண்டாம் ஆண்டு. கல்லூரிக் கண்காட்சியில் எனக்கும் சுடலைமுத்துவுக்கும் ஒரே மேசை. தவளையின் கால்விரல்களுக்கிடையே உள்ள சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்து, இரத்தக்குழாயின் அகலத்தை அளக்க வேண்டும். கண் வைக்கும் வில்லையில் பொறித்த நுண்கோடுகளே அளவுகோல். வெதுவெதுப்பான நீர் பட்டால் குழாய் விரியுமா? இதுவே கேள்வி. சிறந்த மேசையிலிருந்து ஒருவர் மட்டும் சென்னைப் போட்டிக்குப் போகலாம்.

நீர் விட்டபின், தெளிவுக்காக, கீழே உள்ள லென்ஸை மட்டும் இன்னும் பெரிதாகக் காட்டுவதற்கு மாற்றினேன். குழாய் இருமடங்கு கோடுகளை நிறைத்தது. "இருமடங்கு விரிந்தது!" என முழங்கினேன்.

சுடலை என் சட்டையை இழுத்தான். "லேய், லென்ஸ மாத்திட்டியே! ஒரு கோடு எவ்வளவுன்னு திரும்பப் பாக்கண்டாமா? படந்தாம்லே பெருசாயிருக்கு, குழாய் இல்ல."

"என்ன சந்தேகம்?" என்றார் நடுவர்.

அவன் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். "ஐயா, நண்பர் முருங்கை விளையும் திசையன்விளைக்காரர். முருங்கைக்காய் அளந்த கண் மயிரிழையை நம்ப மறுக்கிறது!"

அரங்கம் குலுங்கியது. அவன் தலை கவிழ்ந்தான்.

மாலையில் தனியே சரிபார்த்தேன். குழாய் விரிந்திருந்தது... சிறிதளவே! 'விரிந்தது உண்மைதானே' என்று சாதிக்க அச்சிறிதளவு போதாதா எனக்கு? ஊரறிந்த என் நாவு அன்று ஏன் எழவில்லை? சென்னைக்கு நான்தான் போனேன்.

இறுதியாண்டில், அதே அரங்கின் பட்டிமன்ற மேடையில், தலைப்பை விட்டுவிட்டு இதைச் சொன்னேன். "பைய பேசு வே, மைக்கு கத்துது!" என்றது ஒரு குரல். அரங்கம் சிரித்தது. சுடலை மட்டும் சிரிக்கவில்லை.

இறங்கிவந்து அவன் முன் நின்றேன்.

"சென்னையில நல்லாப் பேசினியாமே," என்றான்.

மன்னிப்பு அதிலில்லை. இன்றுவரை கிடைக்கவுமில்லை. ஆயினும் கேட்டேன்: "மறுபடி அளப்போமா?"

அவன் கேட்டான்: "நீ வாய மூடிட்டு இருப்பியாலே?"

சுற்றிலும் நின்றோர் செவிபட உரக்கச் சொன்னேன்: "இருப்பேன். லென்ஸை நீ வை. கோடுகளை நீ எண்ணு. அன்றைய நடுவர் முன் நீ சொல். நீ சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறவேன்!"