ஐயாயிரம் அடிக் காகிதம்

செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் இருக்கும் என் மகள் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். நேற்று அதன் வடிகட்டியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அம்மா, டஸ்ட் அது, கீழ போடு" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒரு காலத்தில் தூசிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. வெளிநாட்டில் அணு உலை வெடித்த வருடம் அது. விமானம் வட்டக் காகிதங்களோடு மேலே போய், முப்பதாயிரம் அடி, பதினைந்தாயிரம், ஐயாயிரம் என்று உயரத்துக்கு ஒன்றில் தூசி பிடித்து வரும். உறைமேல் உயரத்தைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். நான் இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைப்பேன். கருவி டக் டக்கென்று எண்ணும். அணுத்தூசி இருந்தால் சத்தம் நெருங்கும். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவே.

ஒரு சனிக்கிழமை காலையில் மேல் உயரத்துக் காகிதங்கள் இரண்டும் அமைதியாக இருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு வைத்த ஐயாயிரம் அடிக் காகிதம் படபடவென்று அடித்தது. கருவியைக் கவனிக்கும் ஜோசப் அண்ணன் மூன்று முறை எண்ணினார். அவ்வளவு கீழே இருக்கிறதென்றால் ஊருக்கே வந்துவிட்டது என்று அர்த்தம். திருமுல்கேரியில் அக்காவின் குழந்தை எருமைப்பால் குடிப்பவன். மறுநாள் அவனுக்கு ஞானஸ்நானம். புல்லில் விழும் அணுத்தூசி பாலில் வந்துவிடும் என்பார்கள். பாலை நிறுத்தச் சொல்வதா? எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூட அதிகாரியோ டில்லிக்குச் செய்தி எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஜோசப் அண்ணன் செகந்திராபாத்தில் பிறந்தவர். அவர் தமிழில் பாதி தக்கணி உருது; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்பார். "கைக்கு அழற? இரு" என்று காகிதத்தை எடுத்துவிட்டு வெறும் தட்டை வைத்தார். அதுவும் அடித்தது. நான் அக்காவுக்குப் போன் செய்யலாமென்று மேஜைக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு கதவருகே போனேன். சத்தம் குறைந்தது.

"ஏம்மா, திரும்பி வா." வந்தேன். அடித்தது. "போ." நின்றது. அந்தக் கூச்சத்தை இன்றும் மறக்கவில்லை.

பைகளை வராந்தாவில்தான் மாட்ட வேண்டும். வேலை நேரத்தில் கடைக்குப் போனது தெரியக்கூடாதென்று நான்தான் உள்ளே ஒளித்திருந்தேன். அவர் பையைத் திறந்தார். விருந்துக்கு வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்காக வாங்கிய இரண்டு டஜன் மேண்டில், விளக்குக்குள் ஒளிரும் வலைத்துணி.

"இதுல தோரியம் இருக்கும்மா, அதுவும் கதிர் வீசும். இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா உங்க ஞானஸ்நானத்துக்கு டில்லியே வந்திருக்கும்."

பையை வராந்தாவில் வைத்துவிட்டு, ஐயாயிரம் அடிக் காகிதத்தைத் திரும்ப வைத்தோம். டக். நெடுநேரம் கழித்து, டக். அதிகாரி எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். 

சாயங்காலம் அக்கா குழந்தைக்குப் பால் புகட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னடி முறைக்கிற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அக்கா வீட்டுப் பக்கத்து எருமைக் கொட்டகை இப்போது அடுக்குமாடி. அந்த ஆய்வுக்கூடக் கட்டடம் இல்லை, ஜோசப் அண்ணன் இல்லை. 'ஒன்றுமில்லை' என்பதை அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு டக்காகச் சொன்ன அந்தக் கருவியும் இல்லை.