யார் காவலில் ஒடிந்தது அந்தக் கை?

நேற்றுக் காலை நாயுடுபுரத்தில் எங்கள் ஆபீசைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. மாரடைப்பு கண்ட வக்கீல் பரிமளம் அக்கா, மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், மலை இறங்குவதற்குள்ளேயே காலமாகிவிட்டார். ஒரே அறையில் மேசை போட்டுத் தொழில் நடத்தியவர்கள் நாங்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. செல்வியின் வழக்கு இன்னும் முடியாமல் கிடக்கிறதே.

செல்வி மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்பவர். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பிரிந்து, ஐந்து வயது மகளோடு தனியாக இருந்தார். "பிள்ளைய கஸ்டடில எடுக்கப் போறேன் பாரு" என்று கணவன் மிரட்டியிருக்கிறான். செல்விக்குத் தெரிந்த கஸ்டடி, லாக்கப் ஒன்றுதான். பிள்ளையை லாக்கப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, ஆடலூரில் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் மறைத்துவைத்தார். கணவன் கடத்தல் என்று புகார் கொடுத்தான். போலீஸ் செல்வியைப் பிடித்துக்கொண்டு போனது.

ஜாமீனில் வெளியே வந்தபோது அவருடைய வலது கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாராம். எத்தனை காலமாகத்தான் இந்தப் பாத்ரூம்கள் வழுக்கிக்கொண்டிருக்கின்றன! விசாரிக்கிறவர்கள் மட்டும் அதில் ஒருநாளும் விழுவதில்லை.

பரிமளம் அக்கா முதலில் வக்கீல்களான எங்களைத்தான் பிடித்துக்கொண்டார். "கஸ்டடி கஸ்டடின்னு வாய் ஓயாம பேசுறோமே, புள்ள யார்கிட்ட வளரணும்ங்கிறதுதான் கேஸுன்னு அவளுக்கு யாராச்சும் சொன்னோமா? தமிழ்ல சொன்னா கவுரவம் கொறஞ்சுருமாக்கும்."

பிள்ளை வழக்கு விசாரணைக்கு வந்தது. குழந்தையின் முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறது, தாய் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை என்றார் கணவனின் வக்கீல். நீதிபதியும் அதையே செல்வியிடம் துருவித் துருவிக் கேட்டார். அக்கா எழுந்தார்.

"ஐயா, புள்ள முழங்கால்ல சிராய்ப்புக்குத் தாய்கிட்ட கணக்குக் கேக்குறீங்க. கேளுங்க, தப்பில்ல. இந்தத் தாயோட கை ஒடிஞ்சப்ப இவ யார் காவல்ல இருந்தா? புள்ளைக்குக் கை ஒடிஞ்சு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துருச்சுன்னு இவ சொன்னா, நீங்க ஒத்துக்கிருவீங்களா?"

பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று உத்தரவானது. கை ஒடிந்ததற்கு அக்கா போட்ட மனுவைத்தான் இன்றுவரை வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தடிக்கிறார்கள். அதைச் சொல்லி நான் புலம்பினால், "காவல்ல வச்சிருக்கவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். தாயா இருந்தா என்ன, ஏட்டா இருந்தா என்ன. கஸ்டடின்னா அம்புட்டுத்தான்" என்பார்.

இன்று அவரை எடுப்பதற்கு முன்னால், செல்வியைப் பிடித்துக்கொண்டு போன அதே காவல் நிலையத்திலிருந்து மலர்வளையம் வந்தது. உயிரோடு இருந்தவரை அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அனுப்பியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்னை முந்திக்கொண்டு செல்வி போனார். சரியாக நிமிராத அந்தக் கையாலேயே வளையத்தைத் தூக்கி, கொண்டுவந்த காவலரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மரியாதைக்கு வச்சதும்மா" என்றார் அவர்.

"அக்காவ நாங்க பாத்துக்கிறோங்க. ஒங்க காவல் வேணாம்."

போய் வாருங்கள், அக்கா. அடுத்த வாய்தாவுக்கு நான் எழுந்து நிற்கிறேன்.